கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் வாசித்து வருகிறேன். உணவு, உடற்பயிற்சி, உறக்கம், மருந்து, பரிசோதனை என்று நோயாளியைச் சுற்றியுள்ள எல்லாவற்றைப் பற்றியும் அதில் வல்லுநர்கள் எழுதுகிறார்கள். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவரைப் பற்றி எழுதப்பட்டதை மட்டும் அரிதாகவே கண்டிருக்கிறேன். குடும்பத்தின் ஆதரவு மிகவும் முக்கியம் என்ற ஒற்றை வாக்கியம் பெரும்பாலான கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் வந்துவிடுகிறது. அந்த ஆதரவு எதனால் ஆனது, எப்போது அது பலிக்கிறது, எப்போது கெடுக்கிறது, அதைத் தருகிறவருக்கு என்ன ஆகிறது என்பதையெல்லாம் யாரும் தொடர்ந்து கேட்பதில்லை. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சையும் இழந்த என் மனைவியை ஆறு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்தவன் என்பதால் எண்களை எளிதில் நம்பிவிடாதவனும்கூட. இந்த இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உறவுகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை வெறும் நல்லெண்ணப் பேச்சு என்று கருதுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அலமேடா மாவட்டத்தில், 1965ஆம் ஆண்டு ஏறத்தாழ 7,000 பேரிடம் அவர்களுடைய திருமணம், நெருங்கிய உறவினர், நண்பர்கள், அவர்கள் சேர்ந்திருக்கும் குழுக்கள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவர்களில் யார் இறந்தார்கள், யார் உயிரோடிருந்தார்கள் என்று கணக்கிட்ட லிசா பெர்க்மன், லியோனார்ட் சைம் ஆகிய ஆய்வாளர்கள் 1979இல் தம் முடிவை வெளியிட்டார்கள். தொடர்புகள் மிகுந்தவர்களோடு ஒப்பிட்டபோது, தொடர்புகள் மிகக் குறைந்த ஆண்களிடையே இறப்பு 2.3 மடங்காகவும் பெண்களிடையே 2.8 மடங்காகவும் இருந்தது. புகைப்பழக்கம், மது, உடலுழைப்பு, தொடக்கத்தில் அவர்கள் தெரிவித்த உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய ஐயம் வாசகர்கள் பலருக்கும் தோன்றக்கூடியதே. தனித்துப்போனதால் நோய் வந்ததா, உள்ளுக்குள் நோய் இருந்ததால் தனித்துப்போனார்களா? ஷெல்டன் கோஹனும் உடன் பணியாற்றியவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஐயத்தைப் பெருமளவு தீர்த்தது. உடல்நலத்தோடு இருந்த 276 பேரின் மூக்கில் சளிக்கிருமி கலந்த சொட்டுமருந்தை அவர்களுடைய சம்மதத்தோடு விட்டு, தனியறைகளில் தங்கவைத்து, யாருக்குச் சளி பிடிக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு வகைச் சளிக்கிருமிகளில் ஏதேனும் ஒன்று எல்லோருக்கும் விடப்பட்டது. ஆயினும் மூன்று வகைக்கு மேல் உறவுகள் இல்லாதவர்களுக்கு, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வகை உறவுகள் உடையவர்களைவிட, ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகச் சளி பிடித்தது. அங்கே எண்ணப்பட்டவை உறவின் வகைகள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், அண்டைவீட்டார், உடன் பணிபுரிவோர், நண்பர் என்று ஒவ்வொன்றும் ஒரு வகை. நிறைய மனிதர்களோடு பழகுகிறவர்களுக்குக் கிருமி எளிதில் தொற்றும் என்றே நாம் நினைத்திருப்போம்.

2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சேர்ந்து, 148 ஆய்வுகளில் பங்கேற்ற 3,08,849 பேரின் விவரங்களை ஒன்றுதிரட்டிப் பார்த்ததில், உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள். (இந்த 50 விழுக்காட்டைப் பாதிப் பேர் பிழைத்தார்கள் என்றும், ஆயுள் ஒன்றரை மடங்கு ஆகிறது என்றும் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் பிழை. வாய்ப்புகளின் விகிதத்தை ஆண்டுகளின் எண்ணிக்கையாக மாற்றிப் படிக்கக் கூடாது. வகுப்பில் ஒரு மாணவன் அப்படிச் செய்திருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.) உலக நலவாழ்வு அமைப்பின் சாசனம் 1948இல் நடைமுறைக்கு வந்தபோதே, உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றிலும் முழுமையாக நலமாக இருப்பதே நலவாழ்வு என்று வரையறுத்தது. அதில் மூன்றாவது சொல்லுக்குச் சான்றுகள் வந்து சேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது.

இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் விளக்கம் பாதியளவு உடலுக்குள்ளும் பாதியளவு வீட்டுக்குள்ளும் இருக்கிறது. நெருக்கடி வரும்போது கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் கூடுகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. அந்நிலை நாள்கணக்கில் நீடித்தால் நோயெதிர்ப்பு ஆற்றல் சீர்குலைகிறது. துணைக்கு ஆள் இருக்கிறது என்ற உணர்வு அந்த ஏற்றத்தைத் தணிக்கிறது. வீட்டுக்குள் நடப்பது இதைவிட எளியது, ஆகவே யார் கண்ணுக்கும் படாதது. மாத்திரை வேளைக்கு உள்ளே போயிற்றா என்று பார்ப்பதற்கும், நேற்றைவிட இன்று நடை தள்ளாடுவதைக் கவனிப்பதற்கும், மருத்துவரிடம் சொல்ல மறந்ததைச் சொல்வதற்கும் ஒருவர் வேண்டும். மருத்துவர் சொன்னபடி நோயாளி நடந்துகொள்கிறாரா என்பதைப் பற்றிய 122 ஆய்வுகளைத் தொகுத்து ராபின் டிமேட்டியோ 2004இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நடைமுறை உதவி கிடைத்தவர்கள் சிகிச்சையைச் சரியாகக் கடைப்பிடிக்கும் வாய்ப்பு, கிடைக்காதவர்களைவிட 3.6 மடங்கு. ஒற்றுமையான குடும்பத்தில் இருப்பவர்களுக்கு அது 1.74 மடங்கு. பூசல் நிறைந்த குடும்பத்தில் இருப்பவர்களுக்கோ அந்த வாய்ப்பு குறைந்தது.

பூசல் என்ற இந்தச் சொல்லைத்தான் நம் கட்டுரையாளர்கள் தொடுவதில்லை. குடும்பம் என்றாலே ஆதரவு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். குடும்பத்தில் கிடைப்பது ஆதரவாகவும் இருக்கலாம், அன்றாடம் குத்தும் முள்ளாகவும் இருக்கலாம். ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர் 42 தம்பதியரின் கையில் சிறு கொப்புளப் புண்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்து 2005இல் வெளியிட்டார். ஒருவரோடு ஒருவர் பகைமையோடு பேசிக்கொண்ட தம்பதியரின் புண்கள், அப்படிப் பேசாதவர்களின் புண்கள் ஆறிய வேகத்தில் 60 விழுக்காட்டு வேகத்திலேயே ஆறின. மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி லண்டனில் நடந்த ஆய்வுகளோ இன்னும் பழையவை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில், ஓயாமல் குறை சொல்லும் அல்லது அளவுக்கு மீறித் தலையிடும் குடும்பங்களுக்குச் சென்றவர்களுக்கு நோய் திரும்புவது மிகுதியாக இருந்ததை 1976இல் வான், லெஃப் ஆகியோர் மீண்டும் உறுதிப்படுத்தினார்கள். அளவுக்கு மீறித் தலையிடுவதும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் அன்பின் பெயரால் நடப்பது. அப்படிச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

முதல் ஆண்டில் என் மனைவிக்கு எல்லாவற்றையும் நானே செய்தேன். பொத்தான் போடுவதும் தலைவாருவதும் குவளையை வாயருகே பிடிப்பதும் என் கடமைகள் என்று நினைத்தேன். தலைவாரும்போது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வலிக்கிறது போலும் என்று நான் சீப்பை மாற்றினேன். ஒருநாள் அவளுடைய தங்கை வந்திருந்தபோது, எதுவும் சொல்லாமல் சீப்பைக் கட்டிலின் இடப்பக்கத்தில், அவளுடைய நல்ல கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பாமல் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கால்மணி நேரத்தில் என் மனைவி தன் தலையைத் தானே வாரியிருந்தாள். வகிடு கோணல்தான். அதன் பிறகு அந்தச் சீப்பை நான் தொட்டதில்லை.

இப்படிப்பட்ட உதவியைப் பற்றியும் ஆய்வு உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வழக்குரைஞர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய துணைவர்களும் தனித்தனியே எழுதிய அன்றாடக் குறிப்புகளை நியால் போல்கரும் உடனிருந்தோரும் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உதவி பெறுகிறோம் என்று தேர்வர் உணர்ந்த நாட்களில் அவருடைய மனச்சோர்வு கூடியது. துணைவர் உதவியதாக எழுதியும் தேர்வர் அதைக் கவனிக்காத நாட்களில்தான் குறைந்தது. உதவியைப் பெறுகிறவருக்குத் தன் இயலாமையும் கூடவே நினைவூட்டப்படுகிறது என்பதே இதன் பொருள் என்று நான் கொள்கிறேன். எல்லா உதவியையும் மறைத்துச் செய்ய முடியாது. ஆனால் செய்ததைச் சொல்லிக்காட்டாமல் இருக்க முடியும்; பாதியை நோயாளியே செய்யும்படி விட்டுவிட்டுப் பொறுத்திருக்க முடியும். பொறுத்திருப்பது செய்து முடிப்பதைவிடக் கடினமானது என்பதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அறிவார்கள்.

இனி அந்த நாற்காலியில் இருப்பவருக்கு வருகிறேன். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தபோது, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் ஒரு கூறாக எண்ணினார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன் என்று அதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. அந்த நான்காமவரின் உடலுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்த ஆய்வுகள், நான் அறிந்தவரை, கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் வந்தவையே. மேலே சொன்ன கீகோல்ட்-கிளேசர் 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் தோலில் ஒரு சிறு துளை அளவுக்குத் திசு எடுக்கப்பட்டது. அந்தப் புண் ஆற, அதே வயதுடைய மற்றப் பெண்களுக்கு ஆனதைவிட அவர்களுக்கு ஒன்பது நாட்கள் கூடுதலாக ஆயிற்று. ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் ஆகிய இருவரும் 1999இல் வெளியிட்டது இன்னும் கடுமையானது. வாழ்க்கைத்துணையைப் பராமரிக்கும் முதியவர்களில், அந்தப் பணியால் தாம் நெருக்கடிக்கு ஆளாகியிருப்பதாகச் சொன்னவர்கள், நான்கு ஆண்டுக் கணக்கில், பராமரிக்கும் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இறந்திருந்தார்கள். பராமரித்தும் நெருக்கடியை உணராதவர்களிடம் அந்த அதிகரிப்பு காணப்படவில்லை. ஆகவே பராமரிப்பது என்ற செயல் மட்டும் ஒருவரைக் கொல்வதில்லை. அது எந்த நிலைமையில் நடக்கிறது என்பதே கேள்வி.

என் மனைவியை வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவமனையில் என் கையில் கொடுத்தது ஒரு மருந்துச் சீட்டும், அடுத்து வரவேண்டிய தேதியும் மட்டுமே. அம்மருத்துவமனையைக் குறைசொல்வது என் நோக்கமன்று. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆயினும் படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும் என்பதை, முதல் புண் வந்த பிறகுதான் நான் அறிந்தேன். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும் என்பதையும், விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குச் சாய்ந்த நிலையில் நீர் கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் தொற்றை உண்டாக்கும் என்பதையும் அப்படியே பிழை செய்து கற்றேன். அந்தப் பிழைகளுக்கான வலியை அனுபவித்தது நானல்ல. அரைமணி நேரம் ஒரு செவிலியர் என்னை உட்காரவைத்துச் சொல்லித் தந்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவை நடந்திருக்கமாட்டா.

அந்த ஆறு ஆண்டுகளில் எத்தனையோ முறை மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவளுடைய இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். அவளுடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவனின் கையிலும் அந்தப் பட்டையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் ஆண்டில் ஒரு காலைப் பொழுதில் தலைசுற்றி விழுந்த பிறகே என் இரத்த அழுத்தம் பல காலமாகக் கட்டுக்கடங்காமல் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. நான் விழுந்தபோது கட்டிலில் கிடந்த அவளால் கூப்பிட முடியவில்லை, எழவும் முடியவில்லை. இடக்கையால் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சுவருக்கு மறுபக்கத்திலிருந்து வந்தவர் அடுத்த வீட்டுப் பெரியவர். அவர் எங்களுக்கு உறவினர் அல்லர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு வந்து, ஒரு மணி நேரம் என் மனைவியின் அருகில் அமர்ந்து செய்தித்தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். அந்த ஒரு மணி நேரம் நான் வெளியே நடந்துவிட்டு வருவேன். நோய் கண்ட புதிதில் எத்தனையோ பேர் வந்து, ஏதாவது உதவி வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மையான அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிப்பதும், அதை யாரிடம் கேட்பது என்று தேர்வதும், கேட்கக் கூசுவதும் ஏற்கெனவே களைத்துப்போனவரின் தலையிலேயே விழுகின்றன. பெரியவர் எதையும் கேட்கச் சொல்லவில்லை. நாளை ஐந்து மணிக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். ஆதரவு இவ்வளவு பயன் தருமென்றால் அதையும் மருந்துபோல எழுதிக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அமெரிக்காவில் மாரடைப்புக்கு ஆளானவர்களில், மனச்சோர்வு உடையவர்களும் ஆதரவு குறைந்தவர்களுமாக 2,481 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு உளவியல் ஆலோசனை வழங்கிப் பார்த்தார்கள். மனச்சோர்வும் குறைந்தது, ஆதரவு பற்றிய உணர்வும் ஓரளவு கூடியது. மீண்டும் மாரடைப்பு வருவதோ இறப்போ குறையவில்லை என்று 2003இல் முடிவு வெளியானது. ஆதரவு பயனற்றது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. பல ஆண்டுகளில் வளரும் ஒன்றைச் சில மாத ஆலோசனையால் உண்டாக்கிவிட முடியாது என்று மட்டுமே நான் இதைப் படிக்கிறேன். வேறு விதமாகப் படிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் புதிதாக உறவை உண்டாக்கித் தருவதைவிட, ஏற்கெனவே அருகில் இருக்கிறவர் ஒடிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எளிது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள் என நம்புகிறேன்.

குடும்பமே இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று கேட்பார்கள். அதற்கு முழுமையான விடை தரும் தகுதி எனக்கு இல்லை. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய பணியில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையங்களுக்கு வெளியே ஒரு மரப்பலகையில் அமர்ந்து, மனம் சோர்ந்து வருகிறவர்களோடு பேசுகிறார்கள். 2016இல் வெளியான முறையான ஒப்பீட்டு ஆய்வில், அப்படிப் பேசியவர்களுக்கு ஆறு மாதங்களுக்குப் பின் மனச்சோர்வின் அறிகுறிகள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. அங்கே உட்கார்ந்தவர்கள் இரத்த உறவினர்கள் அல்லர்; எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவரைப் போன்றவர்கள்.

ஆகவே மருத்துவமனைகளை நடத்துவோரிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன், அவரை இனிப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்று கேட்டு, அவருடைய பெயரையும் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதுங்கள். திருப்புவது, தூக்குவது, ஊட்டுவது ஆகிய மூன்றையும் அவரே தம் கையால் செய்துகாட்டும்வரை சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை நோயாளி வரும்போது, உடன் வந்தவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்து, இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேளுங்கள். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உடல்நலப் பக்கத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது, பார்த்துக்கொள்கிறவர்கள் கேள்வி கேட்கவும் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் விடையளிக்கவும் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். அதில் வரும் கேள்விகள் சிறியனவாகவே இருக்கும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு இடம் இருந்திருந்தால், ஒரே ஆளாகப் படுக்கை விரிப்பை மாற்றும்போது நோயாளியை எந்தப் பக்கம் முதலில் திருப்ப வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தங்கள் நீண்டநாள் வாசகன்.